பர்ரன்: அயர்லாந்தின் கல்வெளியை நிதானமாகச் சுற்றிப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

டப்ளினிலிருந்து விடிகாலையில் கிளம்பும் சுற்றுலாப் பேருந்துகள் மோஹர் செங்குத்துப் பாறைகளைக் காட்டிவிட்டு, வழியில் பர்ரனிலும் கொஞ்ச நேரம் நிறுத்தும். எல்லோரும் இறங்கி, ஒரு பாறைமேல் நின்று படம் எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். கிளேர் மாவட்டத்தின் வடக்கே அட்லாண்டிக் கடலோரமாக விரிந்து கிடக்கும் அந்தச் சாம்பல்நிறச் சுண்ணாம்புப் பாறைவெளி, ஓடும் வண்டியிலிருந்து பார்த்தால் வெறும் கல்லாகத்தான் தெரியும். 5,800 ஆண்டு பழைய கல்லறை, கோட்டை, மடம், குகை, நாளுக்கு நாள் மட்டம் மாறும் ஏரி, பாறைப் பிளவுக்குள் பூக்கும் ஆர்க்கிட் எல்லாமே இருப்பது அந்தக் கல்லுக்குள்தான். குறைந்தது மூன்று இரவு தங்கி, கால் வலிக்க நடந்தால் இவையெல்லாம் கண்ணில் படும். நான்கு நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. இந்த வழிகாட்டி அந்த நான்கு நாளுக்கானது.

படி 1: முதலில் கல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்

பயண ஏற்பாடுகளுக்கு முன்பே இதைச் சொல்லக் காரணம் உண்டு. பர்ரனில் எங்கே கல்லறை கட்டினார்கள், எங்கே குடியிருந்தார்கள், எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே கால் வழுக்கும் என்று எல்லாவற்றையும் முடிவு செய்வது இந்தக் கல்தான்.

இது சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. அப்போது இந்த நிலப்பகுதி நிலநடுக்கோட்டுக்கு அருகே, வெதுவெதுப்பான ஆழமற்ற கடலுக்கு அடியில் இருந்தது. பவளம், சிப்பி, கடல் அல்லி போன்ற உயிர்களின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிக் கல்லாயின. கடைசிப் பனியுகத்தில் பனியாறுகள் மேலே கிடந்ததையெல்லாம் வழித்தெடுத்து, பாறையைத் தட்டையாகத் தேய்த்துவிட்டுப் போயின. போகும்போது எங்கிருந்தோ உருட்டி வந்த பெரிய பெரிய உருண்டைக் கற்களை அங்கங்கே விட்டுவிட்டன. இன்றும் அவை யாரோ கொண்டுவந்து வைத்ததுபோல வெட்டவெளியில் தனியாக நிற்கின்றன. பனி விலகிய பிறகு காடு வளர்ந்தது. ஆதி விவசாயிகள் அந்தக் காட்டை அழித்தார்கள். பிடிமானம் இழந்த மண் மழையில் கரைந்து போனது. ஆக, இன்று நாம் பார்க்கும் இந்த மொட்டைத் தோற்றத்தில் மனிதனுக்கும் பங்கு இருக்கிறது.

மிச்ச வேலையை மழை செய்கிறது. காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மழைநீர் மெல்லிய அமிலமாகிறது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் அது இறங்கும்போது கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, வெடிப்பு அகலமாகி, நீண்ட பிளவாக மாறுகிறது. அந்தப் பிளவுக்கு 'கிரைக்' என்று பெயர். இரண்டு கிரைக்குகளுக்கு இடையே பலகைபோல நிற்கும் பாறை 'கிளின்ட்'. இந்த இரண்டு சொல்லையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எந்த அறிவிப்புப் பலகையைப் படித்தாலும் இவை வரும்.

இப்படிப்பட்ட நிலத்தில் தண்ணீர் மேலே தங்காது. உறிஞ்சு துளைகள் வழியே இறங்கி, நிலத்தடியில் ஆறாக ஓடும். தொடக்கம் முதல் கடல் வரை தரைமேலேயே ஓடுவது ஃபனோர் பக்கம் கடலில் சேரும் கேஹர் ஆறு ஒன்றுதான். நிலத்தடி நீர் உயரும்போது பள்ளங்களில் ஏரி தோன்றும். வற்றும்போது அதே இடம் மாடு மேயும் புல்வெளியாகிவிடும். இந்த வந்து போகும் ஏரியை 'டர்லாக்' என்கிறார்கள். கேரன் ஊருக்குப் பக்கத்தில் இருப்பது பெரியது. குளிர்காலத்தில் அலையடிக்கும் நீரைக் காணலாம். கோடையில் அதே இடத்தில் நின்றால் ஏரி இருந்ததற்கான சுவடாகக் கற்கள்மேல் காய்ந்த கரும்பாசி மட்டும் இருக்கும்.

படி 2: எந்த மாதம் போவது?

மே மாதம். யோசிக்கவே வேண்டாம்.

ஆல்ப்ஸ் மலையிலும் ஆர்க்டிக்கிலும் வளரும் செடிகளும், மத்தியதரைக் கடலோரத்துச் செடிகளும் பக்கத்துப் பக்கத்தில் பூப்பது பர்ரனின் அதிசயம். உயர்மலைகளுக்குரிய நீல ஜென்ஷியன் பூவும், வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட மலை அவென்ஸும் இங்கே கடல்மட்டத்துக்கு அருகிலேயே பூக்கின்றன. சில அடி தள்ளி, தெற்கு ஐரோப்பாவின் அடர்பூ ஆர்க்கிட் நிற்கும். கிரைக்குக்குள் எட்டிப் பார்த்தால், நிழலும் ஈரமும் வேண்டும் மெய்டன்ஹேர் பெரணி. ஜென்ஷியன் ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை இருக்கும். அதன்பின் ஜூன், ஜூலையில் கருஞ்சிவப்பு கிரேன்ஸ்பில் பூக்கள் பாறை இடுக்குகளை நிறைத்துவிடும்.

இந்தப் பூக்கள் பிழைத்திருப்பதற்கு மாடுகள் ஒரு முக்கியக் காரணம் என்பது பலருக்குத் தெரியாது. மலை நாடுகளில் பொதுவாகக் கோடையில்தான் மந்தையை மேலே ஓட்டுவார்கள். பர்ரன் விவசாயிகள் குளிர்காலத்தில் மேட்டுக்கு ஓட்டுகிறார்கள். கோடையில் சேர்த்த வெப்பத்தைச் சுண்ணாம்புப் பாறை மெதுவாக விடுவதால் மேடு ஓரளவு கதகதப்பாக இருக்கும்; மழைநீர் உடனே இறங்கிவிடுவதால் படுக்கக் காய்ந்த இடமும் கிடைக்கும். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை மாடுகள் முரட்டுப் புல்லையெல்லாம் மேய்ந்து தீர்த்துவிடுவதால், வசந்தத்தில் சிறு செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. பூக்கும் காலத்தில் மந்தை கீழே இறங்கிவிடும். மேய்ச்சல் நின்றுபோன இடங்களில் ஹேசல் புதர் மண்டிப் பூக்களை மூடிவிடுகிறது. அக்டோபர் கடைசி வார இறுதியில் இந்த மந்தை ஏற்றத்தை ஒரு விழாவாகவே நடத்துகிறார்கள். கிளேருக்கு இலையுதிர்காலத்தில் போக நேர்ந்தால் அதைப் பார்க்கத் தவறாதீர்கள்.

ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் அதிகம். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பது பெரிய வசதி. பேருந்துகள் போன பிறகு ஒவ்வோர் இடத்தையும் தனியாகப் பார்க்கலாம். டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். மழை எந்த மாதமும் வரும்.

படி 3: விசா, வழி, வண்டி

அயர்லாந்து ஷெங்கன் நாடுகளுக்குள் வராது. பிரான்ஸுக்கோ இத்தாலிக்கோ எடுத்த விசாவோடு உள்ளே போக முடியாது. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அயர்லாந்துக்கென்று தனி விசா எடுக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்டுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை. பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து நடத்தும் பி.ஐ.வி.எஸ். திட்டத்தின்கீழ் பிரிட்டன் விசா கிடைத்த இந்தியர்கள், முதலில் பிரிட்டனுக்குள் நுழைந்துவிட்டு அதே விசாவில் அயர்லாந்துக்கும் வரலாம். விதிகள் மாறக்கூடியவை; விண்ணப்பிக்கும் முன் அயர்லாந்து குடிவரவுத் துறையின் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து விமான நிலையம் ஷானன். அங்கிருந்து பர்ரனின் வடமுனையிலிருக்கும் பாலிவானுக்குக் காரில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். டப்ளினில் இறங்கினால் ரயிலில் கால்வே வந்து, அங்கிருந்து தொடரலாம்.

பேருந்தில் மட்டும் போக முடியுமா? கடலோரத்துக்கு முடியும். பஸ் ஏரனின் 350-ஆம் எண் பேருந்து கால்வேயிலிருந்து பாலிவான், லிஸ்டூன்வார்னா, டூலின், மோஹர் வழியாக என்னிஸ் போகிறது. ஆனால் பழங்காலச் சின்னங்களில் முக்கால்வாசி மேட்டு நிலத்தில் இருக்கின்றன, அந்தப் பக்கம் இது போகாது. எனவே கார்தான் வசதி. நம்மைப்போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். சாலைகள் குறுகல், இருபுறமும் கற்சுவர். எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்தாக வேண்டும். 2025 பிப்ரவரி முதல் உள்ளூர்க் கிராமச் சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 60 கி.மீ. அந்த வேகமே அங்கே பல வளைவுகளில் அதிகம். கிடைக்கிற கார்களில் சிறியதாகப் பார்த்து எடுங்கள்.

தங்குவதற்கு என் தேர்வு பாலிவான். கடலும் மேடும் இரண்டுமே பக்கம். இசை வேண்டும் என்பவர்களுக்கு டூலின். முல்லாக்மோர் மலைநடைதான் முக்கியம் என்றால் கோரஃபின். மே முதல் ஆகஸ்ட் வரை அறைகள் சீக்கிரம் நிரம்பும். காரிலோ கூடாரத்திலோ கிடைத்த இடத்தில் இரவைக் கழிக்கும் யோசனை வேண்டாம். பாறைத்தளத்தில் முகாமிடுவதும் தீ மூட்டுவதும் அங்கே உண்மையான சேதத்தை உண்டாக்கியிருக்கின்றன.

படி 4: பையில் என்ன இருக்க வேண்டும்

கணுக்காலை மூடும், அடிப்பகுதி கெட்டியான நடைக் காலணி. விளையாட்டுக் காலணி போதாது. காற்றும் மழையும் புகாத மேலங்கி, கோடையிலும். ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது தண்ணீர். மேட்டில் ஓடை கிடையாது. ஊற்று தென்பட்டாலும் குடிக்காதீர்கள். மண் வழியே வடிந்து வரும் நீர் ஓரளவு சுத்தமாகும். சுண்ணாம்புப் பிளவில் இறங்கும் நீரோ மேலே மாடு நின்ற இடத்து அழுக்கையும் சேர்த்தே கொண்டுவரும். முழுக்கால் சட்டை நல்லது, ஏனெனில் புல்லிலும் புதரிலும் உண்ணி உண்டு. நடந்து முடித்ததும் கால்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காகித வரைபடம். பள்ளங்களில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. அயர்லாந்து நில அளவைத் துறையின் டிஸ்கவரி வரிசையில் 51-ஆம் தாள் பர்ரனுக்கானது. 1:50,000 அளவில் கோட்டை, கல்லறை எல்லாம் குறித்திருக்கும். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் 112 அல்லது 999.

படி 5: பாறைத்தளத்தில் நடக்கப் பழகுங்கள்

இதைப் பெரும்பாலான பயணக் குறிப்புகள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. பர்ரனில் நடப்பது மலையேற்றம் போன்றது கிடையாது. உயரம் பெரிதாக இல்லை. மிக உயரமான ஸ்லீவ் எல்வாவே 344 மீட்டர்தான். சிரமமெல்லாம் காலடியில் இருக்கிறது.

கிரைக்குகள் ஆளை விழுங்கும் ஆழத்திலும் உண்டு, ஒரு கால் மட்டும் சிக்கும் அகலத்திலும் உண்டு. ஆபத்தானவை புல்லோ பெரணியோ மூடிக் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பவை. பச்சையாகத் தெரிகிற இடம் மெத்தென்று இருக்கும் என்று கால் வைக்கக் கூடாது. கல் தெரிகிற இடத்தில் வையுங்கள். அதிலும் ஒரு சோதனை வேண்டும். சில கிளின்ட்கள் அடியில் பிடிப்பு இல்லாமல் ஆடும். முழு எடையையும் போடும் முன் பாதத்தால் அழுத்திப் பாருங்கள். ஒரு கிளின்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். எட்டி வைக்க முடியாத பிளவு என்றால் சுற்றிப் போய்விடலாம்.

பர்ரனின் முக்கியப் பிளவுகள் பெரும்பாலும் வடக்கு தெற்காக ஓடுகின்றன. அதனால் வடக்கு தெற்காக நடந்தால் கிளின்டின் நீளவாக்கில் சுலபமாகப் போகலாம். கிழக்கு மேற்காகப் போனால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு பிளவைத் தாண்ட வேண்டும். வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் என்றிருப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது எந்தத் திசையில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பாறைத்தளத்தில் வழக்கமான நடை வேகத்தில் பாதியைக் கணக்கில் வையுங்கள்.

காய்ந்த சுண்ணாம்புக்கல் காலணியை நன்றாகப் பிடிக்கும். நனைந்துவிட்டால் அதே கல் வழுக்கும், கறுப்பாகப் பாசி படிந்த இடங்களில் ரொம்பவே வழுக்கும். மழை தொடங்கினால் பாறையை விட்டு மண்பாதைக்கு வந்துவிடுங்கள். நடைக்கோல் மண்பாதையில் உதவும். பாறைத்தளத்தில் நுனி பிளவில் மாட்டிக்கொண்டு ஆளையே சாய்த்துவிடும், மடக்கிப் பையில் வைத்துவிடுங்கள். மூடுபனி இறங்கினால் நான்கு பக்கமும் ஒரே மாதிரித் தெரியும். வந்த தடம் நினைவிருக்கும்போதே திரும்பிவிடுவது புத்திசாலித்தனம்.

முதல் நாளே பெரிய நடைக்குப் போகாமல், கடலோரத்துத் தட்டைப் பாறையில் அரை மணி நேரம் நடந்து பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது. கீழே சொல்லும் பயணத் திட்டம் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

படி 6: செய்யக் கூடாதவை

பர்ரனின் நிலத்தில் பெரும்பகுதி தனியார் விவசாய நிலம். வேலி இல்லை, தடுப்பு இல்லை என்பதால் பொதுநிலம் என்று அர்த்தமில்லை. குறியிட்ட பாதைகளில் போங்கள். கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள். கற்சுவர்மேல் ஏறாதீர்கள். காரை சேர்க்காமல் அடுக்கிய சுவர் அது. ஒரு கல் சரிந்தால் ஒரு வரிசையே சரியும். கன்றோடு நிற்கும் பசுவை நெருங்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: கல்லை நகர்த்தாதீர்கள். பயணிகள் கற்களை அடுக்கிக் குட்டிக் கோபுரமும் விளையாட்டுக் கல்திட்டையும் கட்டிவிட்டுப் போகிறார்கள். பார்க்க ஒன்றும் இல்லாதது மாதிரித் தெரியும். அந்தக் கல்லுக்கு அடியில் ஏதோ ஒரு செடி வேர்விட்டிருக்கும், ஏதோ ஒரு பூச்சி குடியிருக்கும்; சிலசமயம் அது பெயர்க்கப்பட்ட இடமே ஒரு பழங்காலச் சுவராக இருக்கும். புதிதாக அடுக்கியது எது, ஆயிரமாண்டுகளுக்கு முன் அடுக்கியது எது என்று அடுத்து ஆராய வருபவர் குழம்ப வேண்டியிருக்கும். பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரு கல் எடுத்தால் என்ன மிஞ்சும்? பூவையும் பறிக்காதீர்கள். படம் எடுக்க மண்டியிடும்போது முட்டிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தேசியப் பூங்காவில் ட்ரோன் பறக்கவிட அனுமதி வாங்க வேண்டும்.

படி 7: நான்கு நாள் திட்டம்

முதல் நாள்: கடலோரம்

பாலிவானுக்குக் கிழக்கே ஃபினவாராவில் இருக்கும் ஃபிளாகி ஷோர் கடற்கரையில் தொடங்குங்கள். கடல் கழுவிய சுண்ணாம்புப் பாறையில் பவளங்களின் புதைபடிவங்கள் வெறும் கண்ணுக்கே தெரியும். படி 1-இல் சொன்ன பழைய கடலை இங்கே விரலால் தொட்டுப் பார்க்கலாம். நீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.

அங்கிருந்து கார்கம்ரோ மடம் கொஞ்ச தூரம்தான். சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த மடம். இப்போது பெரும்பகுதி கூரையில்லாமல் பச்சைப் பள்ளத்தாக்கில் நிற்கிறது. சுற்றிலும் சாம்பல் மலை. அந்த மலையின் கல்லேதான் சுவரும். கிழக்குப் பகுதியில் தூண் தலைப்புகளில் செதுக்கிய பூக்களையும், மேற்கூரையின் விலா எலும்பு போன்ற வளைவுகளையும் நின்று பாருங்கள். வடபக்கச் சுவர் மாடத்தில் படுத்திருக்கும் சிலை, 1268-இல் இறந்த கானர் ஓ'பிரையன் என்ற மன்னருடையது. கிழக்கில் கவனமாகச் செய்த வேலைப்பாடு மேற்கே போகப் போக எளிமையாகிவிடுவதைக் கவனிக்கலாம்.

மாலையில் கடலோரச் சாலையில் பிளாக் ஹெட் முனையைச் சுற்றி ஃபனோர் வரை ஓட்டுங்கள். ஒருபக்கம் கடல், ஒருபக்கம் படிக்கட்டு படிக்கட்டாக ஏறும் கல்மலை. சாலையோரத்தில் வண்டி நிறுத்த இடமுள்ள பகுதியில் இறங்கி, கடல்பக்கப் பாறைத்தளத்தில் நடந்து பழகுங்கள். அலை எகிறும் நாளில் விளிம்புக்குப் போக வேண்டாம். மேயில் இந்தச் சாலையோரத்திலேயே ஜென்ஷியனைப் பார்த்துவிடலாம்.

இரண்டாம் நாள்: கல்லறைகளும் கோட்டைகளும்

பாலிவானிலிருந்து தெற்கே போகும் ஆர்480 சாலைதான் பர்ரனின் முதுகெலும்பு. காலை ஒன்பதுக்குள் கிளம்பினால் பேருந்துகள் வரும் முன் போல்நப்ரோன் போய்ச் சேரலாம்.

போல்நப்ரோன் கல்திட்டை. மெலிந்த செங்குத்துக் கற்கள்மேல் சாய்வாகக் கிடக்கும் ஒரு பெரிய மூடுகல். கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லச்சந்திரம் கல்திட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வடிவம் அந்நியமாகப் படாது; ஆனால் இது அவற்றைவிட மிகவும் பழையது. கி.மு. 3800 வாக்கில் கட்டியது. 1985-இல் ஒரு நிலைக்கல்லில் விரிசல் கண்டதால், பழுதுபார்க்கும் வேலையோடு சேர்த்து ஆன் லின்ச் என்ற தொல்லியலாளர் தலைமையில் அகழாய்வு நடந்தது. உள்ளே குறைந்தது 33 பேரின் எலும்புகள் கிடைத்தன, பெரியவர்களும் குழந்தைகளும். பெரியவர்களின் கழுத்திலும் தோளிலும் மூட்டுத் தேய்மானம். வாழ்நாளெல்லாம் சுமை தூக்கியவர்கள். ஒருவரின் இடுப்பெலும்பில் கல் ஆயுதத்தின் நுனி முறிந்து தங்கியிருந்தது. எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2020-இல் வெளிவந்த ஆய்வு, அவர்களில் ஓர் ஆண் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்ததைக் கண்டறிந்தது. சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன் பிறந்த குழந்தை. அந்தச் சமூகம் அதையும் மற்றவர்களோடு அதே கல்லறையில் வைத்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு அந்தக் கல் முன்னால் நிற்பதும், தெரியாமல் படம் எடுத்துக்கொண்டு போவதும் ஒன்றாகாது.

கயிறு கட்டியிருக்கும் எல்லைக்குள் போகக் கூடாது. கல்திட்டையைச் சுற்றியுள்ள பாறைத்தளத்தில் அப்படியே நடந்து போய், கிரைக்குகளுக்குள் பெரணியைத் தேடுங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.

வழியில் க்ளெனின்ஷீனில் சாலையோரமாகவே ஓர் ஆப்புக்கல்லறை இருக்கிறது. இந்த வகை, முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்த கற்பெட்டி. வெண்கலக் காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதே க்ளெனின்ஷீனில்தான் 1932-இல் ஒரு கிரைக்குக்குள்ளிருந்து பொன்னாலான கழுத்தணி கிடைத்தது. கி.மு. 800 வாக்கில் செய்தது. வரி வரியாகப் புடைத்த தங்கத் தகடும் இரண்டு வட்ட முனைகளும். இப்போது டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டப்ளினில் ஒரு நாள் கிடைத்தால் நேரில் பார்த்துவிடுங்கள்.

போல்நப்ரோனுக்குச் சற்றுத் தெற்கே கேஹர்கானல் கல்கோட்டை. தனியார் பராமரிப்பு, கட்டணம் உண்டு. பத்தாம் நூற்றாண்டு வாக்கில் கட்டிய வட்டச் சுவர். இடைக்காலம் முடியும்வரை ஆட்கள் குடியிருந்திருக்கிறார்கள். கோடையில் அகழாய்வுப் பயிற்சி நடக்கும்போது போனால் குழிக்குள் வேலை செய்வதையே பார்க்கலாம். அங்கே நாய்கள் ஆடுகளை மடக்கி ஓட்டிக் காட்டும் காட்சி குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

சாலையின் கடைசியில் லெமனே கோட்டை. 15-ஆம் நூற்றாண்டுக் கோபுரத்தோடு 17-ஆம் நூற்றாண்டில் ஒரு மாளிகையை ஒட்டிக் கட்டியது, இன்று வெறும் சுவரும் சன்னல்களும். தனியார் நிலம் என்பதால் சாலையிலிருந்து பார்ப்பதோடு சரி. அங்கிருந்து மேற்கே கில்ஃபெனோரா. தேவாலயத்தில் 12-ஆம் நூற்றாண்டின் உயர்சிலுவைகள் இருக்கின்றன. மழையால் தேயாமல் இருக்கச் சிலவற்றைக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். ஊரிலுள்ள பர்ரன் மையத்தில் நிலவியலையும் வரலாற்றையும் எளிமையாக விளக்குகிறார்கள். மழை நாளுக்கு ஏற்றது.

மூன்றாம் நாள்: முல்லாக்மோர்

ஒரு நாள்தான் இருக்கிறது, எதைப் பார்ப்பது என்று கேட்டால் நான் முல்லாக்மோரைத்தான் சொல்வேன். பர்ரன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் இந்த மலை 180 மீட்டர் உயரம்கூட ஒழுங்காகத் தாண்டாது. ஆனால் சுண்ணாம்பு அடுக்குகள் மடிந்து வளைந்து, சுருட்டிய பாய்போலக் கிடக்கும் அதன் தோற்றத்தை ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. அடிவாரத்தில் லாக் கீலான் ஏரி.

கோரஃபினில் பூங்காவின் தகவல் மையம் இருக்கிறது. கோடையில் அங்கிருந்து இலவசப் பேருந்து விடுகிறார்கள். பூங்கா வாசலில் வண்டி நிறுத்த இடம் குறைவு என்பதால் அதில் போவதே நல்லது. வண்ண அம்புக்குறியிட்ட பாதைகள் உண்டு. வெள்ளைக் குறி சுமார் ஒன்றரை கிலோமீட்டர், குழந்தைகளோடும் போகலாம். நீலக் குறி மலையைச் சுற்றிவரும் ஏழரை கிலோமீட்டர்; கரடுமுரடு, மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். உச்சியில் நின்று பாறை அடுக்குகள் வளைந்து இறங்குவதைக் கண்ணால் பின்தொடர்ந்தபடி கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

திரும்பும்போது கேரன் பக்கம் கேஹர்கமான் கோட்டைக்கு ஏறலாம். செங்குத்துப் பாறை விளிம்பில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சுவர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கே வசதியான ஒரு குடும்பம் வாழ்ந்ததை 1934-இல் ஹார்வர்டு குழு நடத்திய அகழாய்வு காட்டியது. கூட்டம் பெரும்பாலும் இராது. விளிம்பில் தடுப்பு இல்லை என்பதை மறக்க வேண்டாம். கால் இன்னும் வலுவாக இருந்தால் கார்ட் பக்கம் போய்க் கில்மக்டூவா வட்டக்கோபுரத்தையும் பார்த்துவிடுங்கள். சுமார் 34 மீட்டர் உயரம், அயர்லாந்திலேயே உயரமானது, கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்து நிற்கிறது.

நான்காம் நாள்: நிலத்துக்கு அடியிலும் கடலுக்கு அப்பாலும்

குகைகளில் பொதுமக்கள் போகக்கூடியவை இரண்டு. ஐல்வீ குகை 1940-இல் ஒரு விவசாயியின் கண்ணில் பட்டது. 1976-இல் மக்களுக்குத் திறந்தார்கள். உள்ளே ஒரு நீர்வீழ்ச்சியும், அயர்லாந்தில் எப்போதோ அற்றுப்போன பழுப்புக் கரடி படுத்திருந்த குழிகளும் உண்டு. நடப்பது எளிது. டூலின் குகை வேறு மாதிரி. 1952-இல் குகை ஆய்வாளர்கள் இருவர் தவழ்ந்து உள்ளே போய்க் கண்டுபிடித்த கல்விழுது அங்கே தொங்குகிறது, 7.3 மீட்டர் நீளம். துளித் துளியாகக் கசிந்த சுண்ணாம்பு இவ்வளவு வளர்ந்திருக்கிறது. நிறையப் படிகள் இறங்கி ஏற வேண்டும், தலைக்கவசம் தருவார்கள். இரண்டில் ஒன்றுதான் என்றால் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஐல்வீ, மற்றவர்களுக்கு டூலின். டூலினில் வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி; இரண்டுக்கும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பர்ரன் முழுக்க வேறு குகை வாய்கள் இருக்கின்றன. மழை பெய்தால் அவை வேகமாக நிரம்பும். பயிற்சியும் துணையும் இல்லாமல் எதற்குள்ளும் நுழையாதீர்கள்.

என்னிஸ் அருகே ஒரு குகையில் 1903-இல் எடுத்த கரடி எலும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெட்டுக்காயங்கள் கொண்ட அந்த முழங்கால் சில்லு அருங்காட்சியகப் பெட்டியில் நூறாண்டுக்கு மேல் கிடந்தது. 2016-இல் அதன் வயது 12,500 ஆண்டு என்று தெரிந்தபோது, அயர்லாந்தில் மனிதன் கால்வைத்த காலம் 2,500 ஆண்டு பின்னோக்கிப் போனது.

மதியத்துக்கு இரண்டு வழி. மோஹர் பாறைகள் 214 மீட்டர் வரை எழும்புகின்றன. அவை சுண்ணாம்புக்கல் கிடையாது. அதற்கு மேலே பின்னாளில் படிந்த மணற்கல்லும் களிப்பாறையும். பர்ரனோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் புவிப்பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். கடலோர நடைபாதையின் பகுதிகளை மண் சரிவு காரணமாக மூடுவதுண்டு. அன்றைய அறிவிப்பைப் பார்த்து, மூடியிருந்தால் அங்கே போகாதீர்கள். இரவு எட்டு மணிக் கோடை வெயிலில் போனால் கூட்டம் கலைந்திருக்கும்.

மற்றது ஏரன் தீவுகள். பர்ரனின் அதே சுண்ணாம்புப் பாறை கடலுக்குள் போய் மூன்று தீவுகளாகத் தலைதூக்கியிருக்கிறது. டூலின் துறையிலிருந்து வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை படகு உண்டு. அரை நாளுக்கு மிக அருகிலுள்ள இனிஷ் ஈர் தீவு போதும், நடந்தே சுற்றலாம். பெரிய தீவான இனிஷ் மோரில் கடல் விளிம்பில் டூன் ஏங்கஸ் கோட்டை இருக்கிறது. வெண்கலக் காலத்தில் தொடங்கிய அரைவட்டச் சுவர்கள், எதிரியை நிறுத்தக் கூராக நட்ட கற்கள், அப்பால் தொண்ணூறு மீட்டருக்கு நேர் செங்குத்தாகக் கடல். தடுப்பு வேலி இல்லை. விளிம்பை நெருங்க வேண்டுமானால் படுத்துத் தவழ்ந்துதான் போக வேண்டும். இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், காலையில் முதல் படகில் கிளம்புங்கள். காற்று பலமாக அடித்தால் படகு ரத்தாகும். எனவே தீவுப் பயணத்தை விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய நாள் வைக்காமல், முடிந்தால் முதல் இரண்டு நாளுக்குள் முடித்துவிட்டு மற்றவற்றைப் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குக் கடைசிப் படகு திரும்புகிறது என்று இறங்கும்போதே கேட்டுவிடுங்கள்.